மணமுறிவில் சொத்துப் பிரிப்பு: சிங்கப்பூரில் கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டிய கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் என் தங்கை ஒரு காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். கணவர் எழுதிக்கொடுத்த ஒப்பந்தம், ஒரே பக்கம். வீடு அவருக்கு, நகை அவளுக்கு, பிள்ளைகள் அவளோடு, அதற்கு மேல் எதுவும் கேட்கக் கூடாது. "கையெழுத்துப் போட்டுடவா அக்கா? நிம்மதி கிடைச்சாப் போதும்" என்றாள். பதினான்கு வருடக் குடும்பம். வீட்டுக் கடன் எவ்வளவு பாக்கி, அவருடைய சிபிஎஃப்பில் (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேமநிதி) எவ்வளவு இருக்கிறது, ஊரில் வாங்கிய மனை யார் பெயரில் பதிவானது, எதற்கும் அவளிடம் பதில் இல்லை. அன்றிரவு அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, பிள்ளைகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் என்னென்ன இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தோம்.

நான் வழக்கறிஞர் இல்லை. அவளோடு அலைந்து, படித்து, கேட்டுக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வழக்கின் நுணுக்கங்களுக்கு வழக்கறிஞர் வேண்டும். ஆனால் அவர் முன் போய் உட்காரும்போது கையில் கணக்கோடு உட்கார வேண்டும்.

முதல் படி: எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் மாதர் சாசனம். அதன் 112-ஆவது பிரிவுதான் சொத்துப் பிரிப்பைப் பற்றிப் பேசுகிறது. வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போகும். மொத்தச் சொத்து 50 லட்சம் வெள்ளி அல்லது அதற்கு மேல் என்றால் உயர் நீதிமன்றத்தின் குடும்பப் பிரிவு விசாரிக்கும். முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம். அங்கே முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி சொத்தைப் பிரிப்பார்கள், அதோடு இத்தா காலச் செலவும் (மணமுறிவுக்குப் பின் மனைவி காத்திருக்கும் காலத்துக்கான பராமரிப்பு) முத்ஆவும் (மனைவிக்குத் தரும் ஆறுதல் தொகை) தனியாக முடிவு செய்யப்படும். கீழே நான் சொல்லும் பட்டியலும் ஆவணத் தேடலும் இருவருக்கும் பொருந்தும். பங்கு கணக்கிடும் முறை மாதர் சாசனத்துக்கு உரியது.

வழக்குத் தொடர, இருவரில் ஒருவராவது சிங்கப்பூரை நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும், அல்லது வழக்குக்கு முன் தொடர்ந்து 3 ஆண்டுகள் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மணமாகி 3 ஆண்டுகள் ஆகாவிட்டால் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி தேவை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் உண்டு. ஊரில் கல்யாணம் செய்து இங்கே வாழும் பலர், "ஊரிலேயே விவாகரத்து வாங்கிக்கொள்ளலாம், செலவு குறைவு" என்று கணவர் வீட்டார் சொல்வதைக் கேட்டு ஒப்புக்கொள்கிறார்கள். தம்பதியின் சொத்தை ஒரே குவியலாகப் பார்த்துப் பங்கிடும் பொதுச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சிங்கப்பூரில் இருக்கிறது. எங்கே வழக்குப் போடுகிறீர்கள் என்பதே உங்கள் பங்கைப் பெரிதும் மாற்றிவிடும். ஏற்கெனவே வெளிநாட்டில் மணமுறிவு ஆகிவிட்டவர்களும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நீதிமன்ற அனுமதி பெற்று இங்கே சொத்துப் பங்கு கேட்க 2011 முதல் சட்டத்தில் வழி இருக்கிறது.

யார் தவறு என்ற சண்டை சொத்துக் கணக்கில் அநேகமாக எடுபடாது. 2024 ஜூலை 1 முதல் இருவரும் ஒப்புக்கொண்டே, யார் மீதும் பழி போடாமல் பிரியலாம். அதற்கு முன்பும், கணவர் வேறொரு உறவு வைத்திருந்தார் என்பதற்காக மனைவிக்குக் கூடுதல் பங்கு கிடைத்ததில்லை. விதிவிலக்கு மிகக் கொடிய செயல்களுக்கு மட்டும். கணவருக்கு ஆர்செனிக் நஞ்சு கொடுத்த மனைவியின் பங்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் குறைத்தது அப்படிப்பட்ட ஒன்று. உங்கள் ஆத்திரம் நியாயமானதாகவே இருக்கலாம். அதை வழக்கறிஞரின் மணிக்கணக்குக் கட்டணத்தில் கொட்ட வேண்டாம்.

இரண்டாம் படி: பட்டியல்

இதற்கு எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. பங்கு பற்றிப் பேசுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும்.

முதலில் அரசு இணையச் சேவைகளுக்குள் நுழைய உதவும் உங்கள் சிங்பாஸ் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வங்கி, மின்னஞ்சல் எல்லாவற்றையும்தான். பல வீடுகளில் இருவருடைய கணக்கையும் ஒருவரே நிர்வகிக்கிறார், மற்றவர் கைப்பேசியை நீட்டுவதோடு சரி. அப்புறம் உள்ளே போய் உங்கள் சிபிஎஃப் அறிக்கை, வீட்டுக்காக எடுத்த சிபிஎஃப் தொகையும் அதன் வட்டியும், வீட்டுக் கடன் பாக்கி, கடந்த சில ஆண்டுகளின் வருமான வரி மதிப்பீட்டுக் கடிதங்கள் ஆகியவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கைகள், காப்புறுதிப் பத்திரங்களின் இன்றைய சரண் மதிப்பு (இப்போதே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகை), சிடிபி என்னும் பங்கு வைப்புக் கணக்கில் உள்ள பங்குகள், வாகனம் இருந்தால் அதன் கடனும் சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) காலமும். வீட்டின் மதிப்புக்கு, உங்கள் புளோக்கிலும் பக்கத்திலும் அண்மையில் விற்ற விலைகளை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இதோடு நம் வீடுகளில் மட்டும் இருக்கும் சில சொத்துகள். ஊரில் வாங்கிய மனை, அண்ணன் பெயரில் போட்ட பணம், இந்திய வங்கியில் என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) வைப்பு, மாதச் சீட்டு, அடகில் இருக்கும் நகை. எதையும் விட வேண்டாம். தமிழ்நாட்டில் உள்ள நிலத்துக்கு, கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத்துறையின் இணையத்தளத்தில் வில்லங்கச் சான்றிதழைப் பார்க்கலாம். நிலம் எப்போது, யாரிடமிருந்து யாருக்குக் கை மாறியது என்பது அதில் தெரியும். என் தங்கைக்கு அந்த மனையின் விவரம் கிடைத்தது அப்படித்தான். அடகுக் கடைச் சீட்டுகளையும் எறியாதீர்கள். எந்த நகை, எத்தனை கிராம், எந்தத் தேதி என்று எழுதிய தாள் அது. நகைக்கடை ரசீது தொலைந்துபோன வீட்டில் அதுவே சாட்சி.

கடன்களும் பட்டியலில் வர வேண்டும். குடும்பத்துக்காக வாங்கிய கடன் மொத்தத்திலிருந்து கழியும். ஒருவர் சூதாட்டத்துக்கு வாங்கிய கடனைக் குடும்பக் கடன் என்று காட்ட முடியாது.

ஒரு எச்சரிக்கை: கணவர் அல்லது மனைவியின் கைப்பேசிக்குள், மின்னஞ்சலுக்குள் அவருக்குத் தெரியாமல் நுழைந்து ஆவணம் எடுக்காதீர்கள். அது தனிக் குற்றம். அவரிடம் உள்ளதைக் கேட்டு வாங்க நீதிமன்றத்தில் வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: குவியலுக்குள் எது வரும், எது வராது

மணவாழ்க்கையின்போது யார் சம்பாதித்தாலும், யார் பெயரில் இருந்தாலும், அது தம்பதியின் பொதுச் சொத்து. சிபிஎஃப் உட்பட. "என் பெயரில் இருக்கிறது, அவளுக்கு என்ன?" என்பது சட்டத்தில் நிற்காது. வீவக வீட்டில் குடியிருப்பவராக மட்டுமே பதிவான, ஊரிலிருந்து வந்த மனைவிக்கும் வீட்டின் மதிப்பில் பங்கு கேட்கும் உரிமை உண்டு. வீட்டை அவர் பெயருக்கு மாற்ற முடியாமல் போகலாம், மதிப்பில் பங்கு போகாது.

பெற்றோரோ மற்றவர்களோ ஒருவருக்குத் தந்த அன்பளிப்பும், வாரிசாக வந்த சொத்தும் பொதுக் குவியலில் சேராது. தாத்தா வழி வந்த தஞ்சாவூர் வயல் கணவருடையதே. ஆனால் அந்த நிலத்தில் இருவருடைய சம்பளத்தையும் போட்டு வீடு கட்டியிருந்தால் கதை மாறுகிறது. மணவாழ்க்கையின்போது இருவருமோ மற்றவரோ கணிசமாக மேம்படுத்திய சொத்து குவியலுக்குள் வந்துவிடும். அதேபோல், கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய வீடானாலும், பெற்றோர் கொடுத்த வீடானாலும், அதில் குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது குடும்ப இல்லம், உள்ளே வரும்.

நகைதான் நம்மிடையே பெரிய சண்டை. கல்யாணத்தில் அம்மா வீட்டில் போட்டது மகளுக்கான அன்பளிப்பு, அது அவளுடையது. மாமியார் வீட்டில் போட்டதை யாருக்கு, எந்த எண்ணத்தில் கொடுத்தார்கள் என்று பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பின் சம்பளத்தில் வாங்கியதும், கணவர் தம் காசில் பரிசாகக் கொடுத்ததும் பொதுவாகக் குவியலில் வரும். ஆகவே நகைகளை மூன்று பையாகப் பிரித்து, படம் எடுத்து, ஒவ்வொன்றின் எடையையும் எழுதுங்கள். கல்யாண ஆல்பம் இங்கே உதவும்: கழுத்தில் எது இருந்தது என்று படம் சொல்லும். மதிப்பை வாங்கிய விலையில் போடாதீர்கள். 916 தங்கத்தின் அன்றைய விலையை எடையால் பெருக்குங்கள். செய்கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வருவதில்லை.

வீடு வாங்கும்போது பெற்றோர் கொடுத்த பணம் கடனா அன்பளிப்பா என்பதையும் இப்போதே தெளிவுபடுத்துங்கள். எழுத்தில் எதுவும் இல்லாமல், வழக்கு வந்த பிறகு "அது கடன்" என்று அப்பா சொன்னால் நம்புவது கடினம். பெரும்பாலும் அது அந்தப் பிள்ளை போட்ட பணமாகக் கணக்கில் ஏறும்.

பொதுவாக, எந்தெந்தச் சொத்து என்பது இடைக்காலத் தீர்ப்புத் தேதியை (மணமுறிவை நீதிமன்றம் முதலில் ஏற்கும் நாள்) வைத்தும், அவற்றின் மதிப்பு துணை விவகார விசாரணைத் தேதியை (சொத்து, பிள்ளைகள், பராமரிப்பு பற்றிய விசாரணை) வைத்தும் முடிவாகும். வங்கி, சிபிஎஃப் இருப்புகளுக்கு வழக்கமாக இடைக்காலத் தீர்ப்பு நாளின் தொகையையே எடுப்பார்கள்.

நான்காம் படி: பங்கு எப்படி வருகிறது

சட்டம் பாதிப் பாதி என்று சொல்லவில்லை. நியாயமும் சமநிலையும் என்று நீதிமன்றத்துக்குத் தோன்றும் விகிதம் என்றே சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-இல் ஏஎன்ஜே எதிர் ஏஎன்கே (பெயர்களை மறைக்க வைத்த எழுத்துகள்) வழக்கில் ஒரு முறையைத் தந்தது. முதலில், பணமாக யார் எவ்வளவு போட்டார்கள் என்ற விகிதம். அடுத்து, மற்ற வகையில் குடும்பத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்ற விகிதம்: சமையல், பிள்ளை வளர்ப்பு, மாமனாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, மளிகையும் மின்கட்டணமும் கட்டியது. இரண்டின் சராசரியை எடுத்து, தேவைப்பட்டால் சற்றே கூட்டிக் குறைப்பார்கள்.

ஒருவர் மட்டும் சம்பாதித்து மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பங்களுக்கு இந்த முறை பொருந்தாது என்று 2017-இல் டிஎன்எல் எதிர் டிஎன்கே வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. பணம் என்ற கட்டத்தில் இல்லத்தரசிக்குச் சுழியம் விழுவது நியாயமில்லையே. அப்படிப்பட்ட நீண்ட மணவாழ்க்கைகளில் சம பங்கை நோக்கியே நீதிமன்றங்கள் சாய்கின்றன. "நான் வேலைக்குப் போகலை, எனக்கு எதுவும் வராது" என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு அக்காவுக்கும் இந்தத் தீர்ப்பை நான் கை பிடித்துச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த இரண்டாவது விகிதத்துக்காக இருபது வருடத்துக் கணக்கையும் கிளற வேண்டாம். யார் எத்தனை தடவை டயப்பர் மாற்றினார்கள் என்று எழுதுவதை நீதிபதிகள் விரும்புவதில்லை. யார் விடுப்பு எடுத்தார், யார் வேலையை விட்டார், பிள்ளையின் ஆசிரியர் யாரை அழைப்பார் என்பதைச் சொல்லும் ஆவணங்கள் போதும்.

ஐந்தாம் படி: ஒரு கணக்கு

ஒரு கற்பனைக் குடும்பம். 16 வருடம், இரண்டு பிள்ளைகள், இருவரும் வேலை செய்தவர்கள், மனைவி சில வருடம் பகுதி நேரம்.

வீவக வீட்டின் மதிப்பு 620,000 வெள்ளி, கடன் பாக்கி 140,000. மிச்சம் 480,000. கணவரின் சிபிஎஃப் 120,000, வங்கியில் 60,000, காரின் நிகர மதிப்பு 30,000. மனைவியின் சிபிஎஃப் 40,000, வங்கியில் 20,000, கல்யாணத்துக்குப் பின் வாங்கிய நகை 50,000. மொத்தம் 800,000 வெள்ளி.

பணமாகப் போட்டதில் கணவர் 75, மனைவி 25 என்று வைத்துக்கொள்வோம். மற்ற பங்களிப்பில் கணவர் 35, மனைவி 65. சராசரி: கணவர் 55, மனைவி 45. மனைவியின் பங்கு 360,000. அவர் கையில் ஏற்கெனவே சிபிஎஃப், வங்கி, நகை சேர்த்து 110,000 இருக்கிறது. ஆகவே வீட்டிலிருந்து அவருக்கு வர வேண்டியது 250,000.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 480,000 என்பது காகிதத்தில். வீட்டை விற்றால் கடன் போக, அவரவர் சிபிஎஃப்பிலிருந்து எடுத்த தொகை வட்டியோடு அவரவர் கணக்குக்கே திரும்ப வேண்டும். சிபிஎஃப் சாதாரணக் கணக்கின் வட்டி விகிதமான 2.5 விழுக்காட்டில் அது ஆண்டுதோறும் வளர்ந்திருக்கும். இந்தக் குடும்பத்தில் கணவருக்கு 270,000, மனைவிக்கு 90,000 திரும்ப வேண்டும் என்றால், ரொக்கமாக மிஞ்சுவது 120,000தான். மனைவிக்கு 90,000 சிபிஎஃப்பில் போகும், ரொக்கம் முழுவதையும் அவருக்கே கொடுத்தாலும் 210,000. மீதி 40,000-ஐ கணவரின் வங்கியிலிருந்தோ, நீதிமன்ற உத்தரவின் மூலம் அவருடைய சிபிஎஃப்பிலிருந்தோ மாற்ற வேண்டும். "வீட்டில் பாதி" என்று வாயால் பேசி ஒப்புக்கொண்டு, பிறகு வாடகை முன்பணத்துக்குக்கூடக் காசில்லாமல் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். ஒவ்வொரு தொகையின் பக்கத்திலும் ரொக்கமா, சிபிஎஃப்பா என்று எழுதுங்கள்.

ஆறாம் படி: வீடு யாருக்கு

மூன்று வழிகள்: விற்பது, ஒருவர் வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் தருவது, பிள்ளைகளுக்காகச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டுப் பிறகு விற்பது. ஆசைப்படுவதற்கு முன் வீவக விதி இடம் தருகிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் பராமரிப்பு உங்களிடம் இருந்தால் அவர்களோடு சேர்ந்து வீட்டை வைத்துக்கொள்ளத் தகுதி பெறலாம். பிள்ளை இல்லாதவர் தனியாக வைத்துக்கொள்ள 35 வயதான குடிமகனாக இருக்க வேண்டும். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியவில்லை என்றால் திறந்த சந்தையில் விற்க முடியாது. பெரும்பாலான வீடுகளுக்கு அது 5 ஆண்டுகள், நல்ல இடங்களில் கட்டப்படும் பிளஸ், பிரைம் வகைப் புதிய வீடுகளுக்கு 10. அந்த நிலையில் வீட்டை வீவகவிடமே திருப்பிக் கொடுக்கவும் நேரலாம். வீவகவிடமும் சிபிஎஃப் கழகத்திடமும் முன்கூட்டியே விவரம் கேட்டு வாங்கிவிடுங்கள். அவர்கள் நிறைவேற்ற முடியாத உத்தரவால் பயன் இல்லை.

வைத்துக்கொள்ள நினைப்பவர் இன்னொரு கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்: உங்கள் ஒருவர் சம்பளத்துக்கு வங்கி அந்தக் கடனைத் தருமா? கடனிலிருந்து மற்றவர் பெயரை எடுக்காதவரை, தீர்ப்பு என்ன சொன்னாலும் வங்கி இருவரையும் துரத்தும். என் தங்கை முதலில் வீடுதான் வேண்டும் என்று அழுதாள். மாதத் தவணையை அவள் சம்பளத்தோடு எழுதிப் பார்த்த பிறகு, பிள்ளைகளின் பள்ளிக்குப் பக்கத்திலேயே சின்ன வீடு வாங்கும் முடிவுக்கு அவளாகவே வந்தாள்.

வழக்கு நடக்கும்போது ஒருவர் இறந்துபோனால், கூட்டு உரிமையில் உள்ள வீடு முழுவதும் மற்றவருக்குப் போய்விடும். இதைத் தவிர்க்க, தனித்தனிப் பங்காக மாற்றுவது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

ஏழாம் படி: மறைத்தால்

இருவரும் தங்கள் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். விட்டுப்போனது இருக்கிறது என்று தோன்றினால் குறிப்பிட்ட ஆவணங்களைக் கேட்கலாம், கேள்விகளை எழுத்தில் அனுப்பலாம். மறைத்தார் என்று நீதிமன்றத்துக்குப் புலப்பட்டால், மறைத்தவருக்கு எதிராக ஊகித்து, குவியலில் ஒரு தொகையைச் சேர்க்கும், அல்லது மற்றவரின் பங்கை உயர்த்தும்.

மணமுறிவு வரப்போகிறது என்று தெரிந்த நேரத்தில் மற்றவருக்குச் சொல்லாமல் பெருந்தொகையை எடுத்து அண்ணனுக்கு அனுப்பியவர், அதைக் குவியலில் சேர்த்தே பங்கு பெறுவார். முந்தைய 3 ஆண்டுகளுக்குள் மற்றவரின் பங்கைக் கெடுக்கவே கை மாற்றிய சொத்தை ரத்து செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டு நிலத்தின் பட்டாவைச் சிங்கப்பூர் நீதிமன்றம் நேரடியாக மாற்றாது. அதன் மதிப்பைக் கணக்கில் சேர்த்து, இங்குள்ள சொத்தில் ஈடுகட்டும். தங்கைக்கும் அப்படித்தான் முடிந்தது: மனை அவருக்கு, அதற்கு ஈடாக இங்கே கூடுதல் தொகை அவளுக்கு.

எட்டாம் படி: பேசி முடிப்பது

பெரும்பாலான வழக்குகளில் விசாரணைக்கு முன் சமரசப் பேச்சு உண்டு. பட்டியல் கையில் இருந்தால் அது நன்றாகவே நடக்கும். சித்தப்பாவும் மாமாவும் கூடிப் பேசுவதற்கு நான் எதிரி இல்லை, ஆனால் அவர்கள் வீவக விதியோ சிபிஎஃப் கணக்கோ தெரியாமல் "விட்டுக்கொடும்மா" என்றுதான் சொல்வார்கள். எல்லாவற்றிலும் ஒப்புக்கொண்ட பிறகு வழக்குப் போட்டால் எளிய நடைமுறையில் முடியும், செலவும் குறையும். 21 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கான கட்டாய நிகழ்ச்சியை வழக்குத் தொடுக்கும் முன்பே முடிக்க வேண்டும்.

பணவசதி குறைந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசின் சட்ட உதவி இருக்கிறது. புரோ போனோ எஸ்ஜி என்னும் அமைப்பு இலவசச் சட்ட ஆலோசனை தருகிறது. மனம் நொந்து கிடக்கும்போது சிண்டா என்னும் இந்தியர் மேம்பாட்டு அமைப்பின் குடும்ப சேவை நிலையத்தில் தமிழிலேயே பேசலாம்.

ஒப்பந்தம் ஒப்புதல் உத்தரவாகப் பதிவான பிறகு அதை மாற்றுவது மிக அரிது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் தொகை, கடைசித் தேதி, தாமதமானால் என்ன, வீட்டை விற்கும் முகவரின் கட்டணம் யார் தருவது என்று இருக்கட்டும். "வசதிப்படி தருவார்" என்ற சொல் இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

தீர்ப்புக்குப் பின்

இடைக்காலத் தீர்ப்புக்குக் குறைந்தது 3 மாதத்துக்குப் பிறகு, துணை விவகாரங்களும் முடிந்ததும், இறுதித் தீர்ப்பு கிடைக்கும். அதன் நகலோடு வங்கி, வீவக, சிபிஎஃப் என்று உடனே அலையத் தொடங்குங்கள்.

சிபிஎஃப் நியமனம் (நீங்கள் இறந்தால் பணம் யாருக்கு என்று எழுதி வைப்பது) கல்யாணம் ஆனதும் தானாக ரத்தாகும், மணமுறிவில் ரத்தாகாது. உயிலும் அப்படியே. நீங்கள் மாற்றாவிட்டால் பிரிந்துபோனவருக்கே போகும். காப்புறுதியில் அறக்கட்டளை வகை நியமனம் (பணம் மனைவி, கணவர் அல்லது பிள்ளைகளுக்கே என்று உரிமையை விட்டுக்கொடுப்பது) செய்திருந்தால் உங்கள் விருப்பப்படி மாற்ற முடியாது, எழுத்தில் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதக் கையெழுத்தையும் ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்த்து வாங்கிவிடுங்கள். தங்கை அதைக் கேட்க மறந்தாள், ஏழு மாதம் கழித்துத்தான் அந்தக் கையெழுத்து கிடைத்தது.